இரங்கல் வரிசை

நிர்வாகக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவிலிருந்து கிளம்பிய வரிசை படிகளில் இறங்கி, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி வளைந்து, தூங்குமூஞ்சி மரத்தடிவரைக்கும் வந்திருந்தது. மங்களேஸ்வரி வந்து நின்ற இடத்தில் பாதி நிழல், பாதி வெயில். ஒரு தோள் குளிர்ந்திருக்க மறு தோள் காய்ந்தது. நகர்ந்து முழுக்க நிழலுக்குள் போய்விடலாம், ஆனால் அதற்கு, முன்னால் நிற்கிற டாக்டர் ஓங் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், அதை அவரிடம் கேட்க வேண்டும், கேட்டால் அவர் திரும்பி ஏதாவது பேசுவார், பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கறுப்புப் பாஜு கூரோங் அங்கி கணுக்கால்வரை தொங்கியது. விடியுமுன்பே அவசரத்தில் இஸ்திரி போட்டதில் ஒரு கை மடங்கி நின்றது, அதை நீவி நீவிப் பார்த்தாள், படியவில்லை. கொடிக்கம்பங்களில் மாநிலக்கொடியும் பல்கலைக்கழகக்கொடியும் பாதியில் நின்றன. காற்றே இல்லை. நேற்று விடியற்காலை சுல்தான் இறந்துபோனார், நேற்று மாலையே அடக்கமும் ஆகிவிட்டது. மாநிலத்துக்கு அவர் சுல்தான், பல்கலைக்கழகத்துக்கு வேந்தர். மலாயிலும் ஆங்கிலத்திலும் அந்த இரண்டுக்கும் வேறு வேறு சொல், தமிழில் மட்டும் வேந்தர் என்றாலே அரசர்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாகத் துணைவேந்தர் துணைவேந்தர் என்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறாள், ஒரு நாளும் தோன்றியதில்லை. தேர்வுகளை மூன்று நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். பணியாளர்களும் மாணவர்களும் வந்து இரங்கல் ஏட்டில் கையெழுத்திட வேண்டும். அறிவிப்பில் அழைக்கப்படுகிறார்கள் என்றுதான் போட்டிருந்தது, ஆனால் வராமல் இருந்துவிடலாம் என்று யாரும் நினைக்கவில்லை. ஏடு கட்டடத்து முகப்புக் கூடத்தில் இருக்கிறது, அதன் பக்கத்தில் பதிவாளர் ஜமாலுதீன் நிற்கிறார். அதுதான் விஷயம். இந்த வரிசை எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் கடைசியில் அவளைக் கொண்டுபோய் ஜமாலுதீன் முன்னால் நிறுத்திவிடும், அவர் ஒரு பெயரைக் கேட்பார்.

காலையில் போன் வந்தபோது அவள் டயாலிசிஸ் மையத்து வாசலில் காரை நிறுத்தி, தங்கவேலுவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கணவரின் முழங்கை, ஒரு கையில் அவருடைய போர்வைப் பை, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் பேசினாள். ஜமாலுதீன் சுற்றி வளைக்கவில்லை. மாணவர்களின் பக்கத்தில் ஒரு பதிவு வந்திருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள், மேலிடத்திலிருந்து கேட்கிறார்கள், பெயர் போடாமல் எழுதியிருக்கிறது, ஆனால் எழுதியது ஓர் இந்திய மாணவி என்று பேச்சு, அறிவியல் புலம் என்கிறார்கள், மாணவர் நலத் துணை டீன் நீங்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, போனில் வேண்டாம், கையெழுத்துப் போட வரும்போது சொல்லிவிடுங்கள். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, உங்கள் ஒப்பந்த நீட்டிப்புக் கோப்பும் என் மேசையில்தான் இருக்கிறது என்றார். அந்த 'உம்'. மலாயில் 'ஜுகா' என்றார். தமிழில் ஓர் உம். கோப்பு என் மேசையில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். கோப்பும் என்றால்? அதுவும் இதுவும் ஒரே மேசையில் இருக்கிறது என்று அர்த்தமா, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை அந்த மனிதர் இரவெல்லாம் அரண்மனையில் நின்றுவிட்டு வந்த அசதியில் வாய்க்கு வந்த சொல்லைப் போட்டாரா. ஜமாலுதீன் மிரட்டுகிற ஆள் இல்லை. அவளும் அவரும் ஒரே வருஷம் இங்கே வேலைக்கு வந்தவர்கள். அவருடைய மூத்த மகள் அவளிடம்தான் தாவரவியல் படித்தாள். மிரட்டமாட்டார். ஆனால் மிரட்டத் தெரியாதவர்கள்கூட மிரட்டவேண்டி வந்தால் இப்படித்தானே, ஓர் உம்மில், முடித்துக்கொள்வார்கள். ஓங் ஓர் அடி முன்னால் போனார். அவளும் போனாள். இப்போது இரண்டு தோளும் வெயிலில்.

பதிவை அவள் பார்த்திருந்தாள். யாரோ அனுப்பி, அதை யாரோ அனுப்பி, நேற்றுச் சாயங்காலம் அவளுக்கு வந்துவிட்டது. மலாயில், நாலே வரி. சுல்தானுக்காகத் தேர்வு மூன்று நாள் தள்ளிப்போகிறது. என் அப்பா இறந்தபோது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. நான் அழுததற்குச் சான்றிதழ் கேட்டார்கள். அவரும் ஒரு வீட்டுக்கு ராஜாதான். அதற்குக் கீழே வசவு. நன்றி கெட்டவள், எங்கள் ராஜாவோடு யாரை ஒப்பிடுகிறாய், இவளைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். சிலர் அழுகிற முகங்களைப் போட்டிருந்தார்கள், அது யாருக்காக என்று தெரியவில்லை. படித்த உடனே மங்களேஸ்வரிக்கு எழுதியது யார் என்று தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். துர்காஷினி. இரண்டாம் வருஷம். வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா முனியாண்டி லோரி ஓட்டினவர், போன பருவத்தில் தேர்வுக்கு முதல் நாள் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே போய்விட்டார். உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கோ தூரத்து ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். இறப்புச் சான்றிதழ் வருவதற்குள் மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கிற கெடு முடிந்துவிட்டது. தேர்வுக்கு வரவில்லை என்று பதிவானது பதிவானதுதான். புலக்கூட்டத்தில் மங்களேஸ்வரி அந்தப் பிள்ளைக்காகப் பேசினாள், நன்றாகவே பேசினாள், விதி விதிதான் என்று முடித்துவிட்டார்கள். அதைச் சொல்ல அந்தப் பெண்ணை அறைக்குக் கூப்பிட்டபோது அவள் அழவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். "எங்க வீட்டுக்கு அவருதான் ராஜா, டாக்டர். அவருக்குன்னு ஒரு நாற்காலி. அவரு லோரில போயிட்டாகூட நாங்க அதுல உக்கார மாட்டோம்" என்றாள். சம்பந்தமே இல்லாமல் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். ராஜா என்பது மலாயிலும் ராஜாதான். நேற்றுச் சாயங்காலம் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அவளுக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் தெரிந்தது. பார்த்தே இராத நாற்காலி, பிளாஸ்டிக்கா மரமா என்றுகூடத் தெரியாது.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பினால் நூலகத்து ரொஹானா. தலைத்துணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தோடு சிரிக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி அழுதாள். பெரிய வெள்ளம் வந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்களாம், சுல்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாராம், கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து கருவாடும் சோறும் சாப்பிட்டாராம், ரொஹானாவின் அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம், அந்தக் குவளையைப் பிறகு அம்மா யாருக்கும் கொடுத்ததில்லையாம். நேற்று அம்மா எழுந்திருக்கவே இல்லை, டாக்டர், பாயிலேயே கிடந்து அழுதாள் என்று சொன்னாள். மங்களேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய்யாகப் பிடிக்கவில்லை. இந்த அழுகையில் பொய் இல்லை என்பதுதான் அவளை மேலும் களைக்கச் செய்தது. எல்லாரும் நடிக்கிறார்கள் என்று இருந்தால் எளிது, ஒரு பக்கம் நின்றுகொள்ளலாம். இந்தப் பெண்ணின் அம்மா பாயில் கிடந்து அழுவதும் நிஜம், தோட்டத்து வீட்டில் யாரும் உட்காராத நாற்காலியும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் ஒரு துணை டீனை நிறுத்தி ஒரு பெயர் சொல்லு என்கிறார்கள். அவளுக்கும் நேற்றிலிருந்து துக்கம் இருக்கத்தான் செய்தது. பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசிக்கிறவள் அவள். தமிழ்ப் பெயர், சீனப் பெயர், மலாய்ப் பெயர் எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொல்ல ஆள் வேண்டும் என்று எப்போதோ ஒரு வருஷம் பிடித்து நிறுத்தினார்கள், பிறகு விடவே இல்லை. மேடையில் அவருக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்ததால் சுல்தானின் முகத்தைவிட அவர் கைதான் அவளுக்கு அதிகம் தெரியும். மெலிந்த, நரம்பு எடுத்த கை. பட்டயத்தை நீட்டும், திரும்பி வரும், நீட்டும். போன வருஷம் அது நடுங்கியது. பிள்ளைகள் கவனிக்கவில்லை, அவர்களுக்கு அவரவர் பயம். அவள் கவனித்தாள். வாசிப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கினாள், அந்தக் கை ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு ஓய்ந்துகொள்ளட்டும் என்று. அவருக்கு அது தெரிந்ததா என்று இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

படிக்கட்டு வந்தது. தொழுகைக் கூடத்து ஒலிபெருக்கியில் ஓதுகிற குரல் ஏறியும் இறங்கியும் வந்துகொண்டே இருந்தது. முதல் படியில் கால் வைத்தபோது முழங்கால் சொடுக்கியது. தங்கவேலுவுக்கு இந்நேரம் பாதி ரத்தம் சுத்தமாகியிருக்கும். அவர் கணக்கு அப்படித்தான். பாதியாச்சு, முக்காலாச்சு என்று செய்தி அனுப்புவார். தபால் அலுவலகத்தில் மூட்டை பிரித்த காலத்துப் பழக்கம். முடிந்ததும் கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் வந்து உட்காருவார், யாரோடும் பேசமாட்டார், அவளுடைய காரின் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவார். வாரத்தில் மூன்று தடவை. ஒப்பந்தம் நீண்டால் அந்தச் செலவைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். நீளாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற உடம்பா அது. மகன் பெர்த்தில் இருக்கிறான், நான் அனுப்புறேம்மா என்பான், அனுப்பவும் செய்வான், அவனுக்கும் இரண்டு குழந்தைகள். இதையெல்லாம் அவள் நேற்றிரவு படுக்கையில் நினைத்தாயிற்று, காலையில் காரில் நினைத்தாயிற்று. நினைப்பு செக்குமாடு மாதிரி அதே தடத்தில் சுற்றிவந்து அதே உம்மில் முட்டிக்கொண்டது. கோப்பும். சரி, பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? ஒழுங்குக் குழு கூப்பிடும். மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். அதோடு விட்டுவிடலாம். விடாமலும் போகலாம். ஒரு பருவம் இடைநீக்கம், உதவித்தொகை நின்றுவிடும், உதவித்தொகை நின்றால் அந்தப் பிள்ளை படிப்பு அதோடு சரி. இல்லை, போலீஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன் எதையோ எழுதிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்வந்தான், திரும்பி வந்தவன் யாரோடும் பேசுவதில்லை என்று சொன்னார்கள். சொன்னவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். அப்படியென்றால் சொல்லக் கூடாது. சொல்லாமல் எப்படி இருப்பது?

தெரியாது என்று சொல்லலாம். எனக்குத் தெரியவில்லை துவான், விசாரித்துப் பார்க்கிறேன். மனதுக்குள் மலாயில், ஐயா என்கிற அந்தத் துவானோடு, சொல்லிப் பார்த்தாள், சரளமாகத்தான் வந்தது. ஆனால் அதோடு முடியாது. விசாரித்தீர்களா என்பார், யாரை விசாரித்தீர்கள் என்பார், அந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒரு மாணவிக்காகப் பேசினீர்களே, அப்பா இறந்துபோனவள், அவள் யார் என்பார். அங்கே மாட்டிக்கொள்ளும். அவர் அதை இன்னும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான், ஒரு நாள் தூங்கி எழுந்தால் யோசித்துவிடுவார். பொய் என்றால் ஒரு பொய் போதாது. அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதைப் போர்த்த இன்னொன்று, பிறகு யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது வயதில் செய்யலாம். இப்போது, போர்வைப் பையைத் தூக்குவதற்கே மேல்மூச்சு வாங்குகிறபோது, ஒரு பொய்யைத் தினமும் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பு இல்லை. வேறொரு பெயரைச் சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. படிப்பை முடித்துப் போய்விட்ட யாராவது ஒருத்தி. தோன்றிய மாத்திரத்தில் தன்னைத் தானே பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. ரொஹானா தண்ணீர் வேண்டுமா டாக்டர் என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். கண்ணாடிக் கதவு திறந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது, பன்னீர் வாசம், அதற்குள் கம்பளத்தின் பழைய ஈர வாசம். கதவைத் தாண்டியதும் சுவரில் சுல்தானின் படம், கறுப்பு நாடாவோடு. படத்தில் இளமையாக இருந்தார். இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை, அவள் பார்க்க ஆரம்பித்தபோதே அவருக்குக் கன்னம் ஒட்டிவிட்டது.

முனியாண்டி மகள் துர்காஷினி. பெயரைச் சொல்வதென்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும், கோப்பில் அப்படித்தான் இருக்கும். அப்பா பெயர் இல்லாமல் இந்த ஊரில் யாருக்கும் பெயர் கிடையாது. அது நினைவில் வந்ததும் வேறொன்று வந்தது, அதை இத்தனை நாள் அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற மாதிரி பெரிதாக ஒன்றுமில்லை என்று விட்டிருந்தாள். ஒரு வருஷம் பட்டமளிப்பு விழா மழையால் தாமதமாகிவிட்டது. நேரம் போகிறது, அப்பா பெயர்களை விட்டுவிடுங்கள், பிள்ளைகளின் பெயரை மட்டும் வாசித்துக்கொண்டே போங்கள் என்று யாரோ வந்து அவள் காதில் சொன்னார்கள். அவளும் அப்படியே வாசித்தாள். வரிசை கடகடவென்று ஓடியது. கொஞ்ச நேரம் போனதும் அந்தக் கை நீட்டாமல் நின்றுவிட்டது. சுல்தான் தலையைச் சாய்த்து அவள் பக்கம் பார்த்தார். ஒலிவாங்கியில் விழாத குரலில், அப்பாக்களின் பெயர் எங்கே என்று கேட்டார். நேரம் போதவில்லை துவாங்கு என்று, அரசரை அழைக்கிற சொல்லைச் சேர்த்து, அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "எனக்கு நேரம் இருக்கிறது" என்றார் அவர். "அவர்கள் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். படியுங்கள்." கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிடுங்கள் என்பதுபோல் சொன்னார். அவள் படித்தாள். அன்றைக்கு எல்லாரும் இருட்டுகிறவரை மண்டபத்தில் இருந்தார்கள், துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், மீனவர்களின் பெயர்களும் லோரிக்காரர்களின் பெயர்களும் கடைக்காரர்களின் பெயர்களும் ரப்பர் பால்மரம் வெட்டினவர்களின் பெயர்களும் அந்தப் பெரிய கூரைக்கடியில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த மனிதரின் பெயரைச் சொல்லித்தான் இப்போது இந்தப் பிள்ளையைத் தேடுகிறார்கள். அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தெரியாது. ராஜாக்களைப் பற்றி அப்படியெல்லாம் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. கோபப்பட்டிருக்கலாம், சிரித்திருக்கலாம், அவர் காதுக்கே போகாமல் யாராவது முடித்துவைத்திருக்கலாம். செத்தவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் ஒரு சௌகரியம்தான். அவள் அதை அப்படியே வைத்துவிட்டாள். ஓங் குனிந்து கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

ஓங் நகர்ந்ததும் அவள் முறை. வெள்ளைத் துணி விரித்த மேசை, தடித்த ஏடு, தங்கநிறப் பேனா. பக்கத்தில் ஜமாலுதீன், கறுப்புச் சொங்கோக் தொப்பியைச் சுற்றித் துக்கத்தின் வெள்ளைப் பட்டை, கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியது. நின்று நின்று ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஓரமாக ஓர் அடி வந்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கணவருக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார். இன்றைக்கு டயாலிசிஸ் என்றாள். தலையை ஆட்டிவிட்டு, யார் என்று தெரிந்ததா என்றார். அவள் வாயைத் திறந்தாள். படியேறும்போது ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. மறந்துபோகவில்லை, அங்கேயேதான் இருந்தது, ஆனால் குனிந்து எடுக்க முடியவில்லை. "தெரியும், துவான்" என்றாள். "ஆனால் சொல்ல மாட்டேன்." சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது தன் குரல் என்று தெரிந்தது. வீரமாக ஒன்றும் இல்லை அந்தக் குரல், கடையில் மிச்சச் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது. ஜமாலுதீன் தோளுக்கு மேல் ஒருதரம் திரும்பி வரிசையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, காலையிலிருந்து அந்த ஒலிபெருக்கிச் சத்தத்திலேயே நிற்கிறேன், காது அடைத்துவிட்டது, தெரியாது என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார். கெஞ்சுவதுபோல் இருந்தது. அவள் தேடித் தேடிக் களைத்த பொய்யை அவரே செய்து, சுற்றிக் கட்டிக் கையில் கொடுக்கிறார். தலையை ஆட்டினால் போதும். அவள் ஆட்டவில்லை. ஏன் என்று பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "டாக்டர், மத்தியானத்துக்குள் நான் மேலே ஏதாவது சொல்லியாக வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வேன். எத்தனை நாள் அப்படிச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. உங்கள் கோப்பை இப்போதைக்கு என்னால் நகர்த்த முடியாது. நகர்த்தினால் என்னைக் கேட்பார்கள். புரிகிறதா?" புரிகிறது என்றாள். உண்மையிலேயே புரிந்தது. அந்த உம்முக்கு அர்த்தம் தெரிந்துவிட்டதில் ஒரு விதமான நிம்மதிகூட இருந்தது, பல் வலித்துக்கொண்டிருந்த இடத்தில் பல் இல்லாமல் போனதுபோல. கையெழுத்துப் போடுங்கள் என்று அவர் பேனாவை எடுத்து நீட்டினார். ஏட்டில் மேலே ஓங் நீளமாக எழுதியிருந்தார். அவள், ஓய்வெடுங்கள் துவாங்கு என்று மட்டும் எழுதினாள். கீழே தன் பெயர். மை நன்றாக இறங்கியது.

வெளியே வந்தபோது வெயில் அப்படியே கண்ணைக் குத்தியது. படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தங்கவேலுவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள், இன்றைக்கு வேண்டாம், டயாலிசிஸ் ஆன நாளில் அவருக்கு எதையும் தாங்காது, நாளைக்கு, இல்லை நாளன்றைக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் நளாயினி என்று ஒரு சிஸ்டர் இருக்கிறாள், பழைய மாணவியின் அக்கா, அவளிடம் கேட்டுப் பார்க்கலாம். மகனிடம் சொல்ல வேண்டும். காரைக் கழுவி ரொம்ப நாளாயிற்று. வரிசை அவள் போனபோது இருந்ததைவிட நீண்டிருந்தது, மரத்தைத் தாண்டிச் சாலைவரைக்கும். இப்போது மாணவர்கள்தான் அதிகம். அந்த முகங்களைப் பார்க்காமல் காரைப் பார்த்தே நடந்தாள், ஆனாலும் பார்த்துவிட்டாள். துர்காஷினி நின்றுகொண்டிருந்தாள். தனியாக. யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புச் சட்டை, தோள் கீழே இறங்கிக் கை விரல்வரை மூடியது. மங்களேஸ்வரிக்கு முதலில் பயம்தான் வந்தது. கிட்டே போய், இங்கே எதுக்கும்மா வந்தே என்று மெதுவாகக் கேட்டாள். அந்தப் பெண் மிரளவில்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது. "டிவியில அவரோட மகள் அழுததப் பாத்தேன் டாக்டர்" என்றாள். "குழியில மண்ணு போடுறப்ப அப்படியே நின்னாங்க. எனக்கு ரூம்ல இருக்க முடியல." அந்தப் பதிவை எடுத்துவிட்டாயா என்று கேட்க நினைத்தாள். கேட்குமுன்பே துர்காஷினியே சொன்னாள். "அத அழிக்கல. அது பொய் இல்லல்ல டாக்டர்?" இல்லை என்றாள் மங்களேஸ்வரி. உனக்காக நான் என்ன செய்தேன் தெரியுமா என்று சொல்லலாம், போய்விடு இங்கே நிற்காதே என்று சொல்லலாம், ஜாக்கிரதையாக இரு என்று சொல்லலாம். எல்லாமே சரியான பேச்சுத்தான். ஆனால் இந்தப் பிள்ளை அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி, ஜமாலுதீனைத் தாண்டி, கேட்டால் ஆமாம் நான்தான் என்று சொல்லிவிடக்கூடிய முகத்தோடு தனியாகப் போகப்போகிறாள்.

போனை எடுத்துத் தங்கவேலுவைக் கூப்பிட்டாள். முடிஞ்சுதாங்க என்று கேட்டாள். முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம், இங்கேயும் டிவியில் நேற்றைய அடக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்களாம், ஒரு வயசானவர் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாராம். இன்னும் கொஞ்ச நேரமாகும் என்றாள். வரிசை நீளமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சரி, மெதுவா வா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல என்று அவர் சொன்னது, அவசரமாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிற குரலில் இருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு, துர்காஷினிக்கும் அவளுக்குப் பின்னால் நின்ற பையனுக்கும் நடுவில் இருந்த இடத்தில் நுழைந்து நின்றாள். பையன் மரியாதையாகப் பின்வாங்கி இடம் விட்டான். நீங்க போட்டுட்டீங்கதானே டாக்டர், மறுபடி எதுக்கு என்று அந்தப் பெண் திரும்பிக் கேட்டாள். சும்மாதான் என்றாள் மங்களேஸ்வரி. முன்னால் நின்றவர்கள் ஓர் அடி எடுத்துவைத்தார்கள். துர்காஷினியும் நகர்ந்தாள். மங்களேஸ்வரி நோகிற காலை எடுத்து அவளுக்குப் பின்னால் வைத்தாள்.